இல்லை கேட்கும் கதவு

அந்த ஜூன் மாதம்
நகரத்தில் அதிகம் எழுதப்பட்ட சொல் அதுதான்.
பெட்ரோல் இல்லை. காஸ் இல்லை.
பொரளைச் சந்தியில் யாரோ
அட்டைப் பெட்டியைக் கிழித்து
மூன்று மொழியிலும் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்,
தமிழில் ஓர் எழுத்துப் பிழையோடு.

மாளிகாவத்தைத் தொடர்மாடியிலிருந்து
பதினேழு வயது ருஷ்தியை
அவன் மாமா தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்.
அன்னாசி விற்கிற வண்டி.
ஓட்டோ மூன்று நாளாய் ஷெட்டுக்கு வெளியே,
நாற்பத்தோராவதாக நிற்கிறதாம்.
வலிப்புத் தொடங்கி ஐம்பது நிமிடம் என்றார்.
கைக்கடிகாரத்தைக் கழற்றி என் முன்னே நீட்டினார்,
அது சாட்சி சொல்லும் என்பதுபோல.

வெளியே வாகனம் இல்லை.
மருதானைப் பக்கம் ஒரு விளக்கும் இல்லை.
இவன் தலைக்குள் மட்டும்
அத்தனை விளக்கும் ஒன்றாய் எரிந்தன.

முதல் ஊசி.
இரண்டாவது ஊசி.
இடது கை கொஞ்சம் தளர்ந்து
மறுபடி துடித்தது.

உம்மா என் கோட்டைப் பிடித்தாள்.
"போன தரம் ஒரே ஊசியில நின்டதே, டொக்டர்,
இது டேட் முடிஞ்ச மருந்தா?"

மருந்தில் பிழை இல்லை என்றேன்.
மீதியை எப்படிச் சொல்ல?

மூளையின் ஒவ்வொரு கலத்தின் தோலிலும்
'இல்லை' என்ற சொல்லைக் கேட்பதற்கென்றே
சின்னச் சின்னக் கதவுகள்.
திறந்தால் உள்ளே வருவது உப்பில் ஒரு பாதி.
காலிமுகத்திடலில் நின்றால்
உதட்டில் வந்து படியுமே, அந்த உப்பு.
வந்ததும் கலம் அடங்கும்.
நான் ஏற்றிய மருந்து தானாக எதையும் சொல்லாது.
கதவை அடிக்கடி திறக்க வைக்கும், அவ்வளவுதான்,
கதவு இருந்தால்.

நெருப்பு அரை மணியாய் ஓயாதபோது
கலம் தன் கதவுகளைத் தானே கழற்றுகிறது.
அடியில் பற்றியிருந்த கொளுவி நழுவ,
தோல் குழிந்து ஒரு பையாகி
ஒவ்வொன்றாய் உள்ளே விழுங்குகிறது.
ஏன் இப்படி என்று
எங்கள் பேராசிரியரிடம் ஒருமுறை கேட்டேன்.
கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
'இல்லை' வாசலுக்கு வந்துவிட்டது,
தட்டுவதற்கு வாசல் இல்லை.

இதில் எதையும் உம்மாவிடம் சொல்லவில்லை.
"நேரம் போய்ட்டுது" என்றேன்.
"நேரம் எங்கயும் போகல்ல, டொக்டர்.
இவன்ட மாத்திரைக்கு அஞ்சு பார்மசியில
என்னோட வரிசையில நின்டது."

டீசல் விடியும்வரைக்கும்தான் என்றார்கள்.
முழு மயக்கத்தில் ஆழ்த்திக் குழாய் போட்டோம்.
இரண்டு பத்துக்குத் திரையில் கோடுகள் படுத்தன.
ஜெனரேட்டரின் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது.

மூன்றாம் நாள், தேத்தண்ணி முடிந்துபோன கன்டீனில்
கதவுகளைப் பற்றி உம்மாவிடம் சொன்னேன்.
நான் வரைந்த படத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.
"உள்ள போனது திரும்பி வருமா?"
சிலது வரும். சிலதைக் கலமே கரைத்துவிடும்.
பிறகு புதிதாய்ச் செய்துகொள்ளும்.
"யாரு செய்ற?"
அதே கலம்தான்.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அப்ப அதுக்குச் சாமான் வேணுமே."

ஆறாம் நாள் ருஷ்தி, குழாய் எடுத்த கரகரத்த குரலில்,
பிளேன்டீ கேட்டான்.
சீனி இல்லை என்றார் தாதி.
அவன் கொஞ்சம் அவரைப் பார்த்தான்,
பிறகு தலையசைத்தான்.

நான் குறிப்பில் எழுதினேன்:
கேட்கிறது.