வெள்ளை வாளி

பள்ளத்தூரில் மூன்றாம் கட்டை எடுத்துவிட்டு
நீச்சல் குளம் கட்டியிருந்தார்கள்.
நான் போன அன்று அது
கிளிப்பச்சை.

கோலாலம்பூரிலிருந்து சிகப்பி மேடம்
போனிலேயே கேட்டார்: பாசியா?
பாசிதான் என்றார் காவல்காரர் சேவுகன்,
நான் வண்டியை ஸ்டாண்டு போடுவதற்குள்.
ஐந்து ராத்திரியாகக் குளோரின் கொட்டியிருக்கிறார்.
காலி டப்பாக்கள் பம்பு அறைக்கு வெளியே
பந்தி முடிந்தும் எழுந்து போகாத ஆட்களாய்ச்
சாய்ந்து கிடந்தன.
கொட்டக் கொட்டப் பச்சை கூடிற்றாம்.

விளிம்பில் மண்டியிட்டுச் சுவரைத் தேய்த்தேன்.
பாசி என்றால் வழுக்கும்.
பாசி என்றால் நகக்கண்ணில் ஏறிக்கொண்டு
ராத்திரி சோறு பிசையும்போதும் நாறும்.
இந்தச் சுவர்
கழுவிய தட்டுபோலக் கீச்சென்றது.
ஐந்தடி ஆழத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் காசு.
பூவா தலையா என்று
நின்ற இடத்திலிருந்தே சொல்ல முடிந்தது.
பாசிக்கு இவ்வளவு தெளிவாகப் பொய் சொல்லத் தெரியாது.

வெள்ளை வாளி இருக்கா அண்ணே என்றேன்.
சுண்ணாம்பு கரைத்த வாளி ஒன்று வந்தது.
கழுவி, மொண்டு, நிழலில் வைத்துவிட்டு
டீ குடித்தோம்.
திரும்பி வந்தால்
மிதப்பது ஒன்றுமில்லை,
படிந்தது ஒன்றுமில்லை,
வெறும் பச்சை.
உயிரில்லாத பச்சை,
புதுச் சேலை முதல் அலசலில் விடுவது மாதிரி.

குழாயில் சொட்டு விட்டுப் பார்த்தேன்.
குளோரின் தேவைக்கு நாலு மடங்கு.
பி.எச். ஏழரை.
ஏழரையா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் சேவுகன்.
தண்ணிக்கு அது நல்ல காலம்ணே என்றேன்.
கடைசிக் குழாய் செம்புக்கு.
மூடி குலுக்கியதும் கத்திரிப்பூ நிறம் ஏறியது.

மயில்துத்தம் போட்டீங்களா?

அவர் பம்பைப் பார்த்தார்.
பிறகு போனைப் பார்த்தார்; அது அணைந்திருந்தது.
ஆடியில் மாத்திரை தீர்ந்துபோச்சு,
கேட்டால் போன மாசக் கணக்கு கேட்பாங்க,
காரைக்குடி உரக்கடையில் இதுதான் மலிவு.
கால் கிலோ போதும்னு சொன்னான்.
நான் ரெண்டு.

அப்போ வந்த பிரெஞ்சுக்காரப் பொண்ணுக்குத்
தலைமுடி பச்சையாகத்தான் போச்சு.
ஸ்டைல்னு நினைச்சேன் தங்கச்சி.

நான் சிரித்திருக்கக் கூடாது.

சலவைச் சோடா கரைத்து
ஏழரையை ஒன்பதுக்குத் தள்ளினேன்.
மேலே படிகாரம்.
பம்பை நிறுத்தி
ஒரு ராத்திரி யாரும் தண்ணீரைத் தொடாமல் இருப்பதுதான்
இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி.
மூன்று தரம் டார்ச்சோடு வந்து பார்த்தாராம்.

விடியும்போது பச்சை கீழே இறங்கி
தரையில் மாவாக உட்கார்ந்திருந்தது.
ஃபில்டருக்கு விடாமல்
நேரே வெளியே உறிஞ்ச வேண்டும்.
ஊருணி வாய்க்கால் பக்கந்தானே, அதில் விடுங்கள்
என்றார் மேடம்.
ஊருணியில் விரால் இருக்கிறது.
செம்பு நமக்குக் குடம்,
மீனுக்கு எமன்.
முடியாது மேடம் என்று சொல்ல
எனக்கு ஒரு மிடறு தண்ணீர் தேவைப்பட்டது.

பின்னால் இருந்த பாழ்மனையில்
இடுப்பளவு குழி வெட்டினோம்.
செம்மண் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்,
கொடுத்த கடனைக்கூட அப்படிப் பிடிக்க முடியாது.

மூன்றாம் நாள் ஆசிட் விட்டு
மறுபடியும் ஏழரை.
இந்தத் தடவை அவரே சிரித்தார்.

பில்லில் 'காரணம்' என்றொரு கட்டம்.
செம்பு, என்று எழுதினேன்.
எப்படி வந்தது என்று எழுத இடமில்லை,
இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.
கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில்:
மாத்திரைக்கு மாதாமாதம்
தனியாகப் பணம் அனுப்பவும்.

வண்டியை உதைத்தபோது பின்னால் தொபுக்கென்றது.
அந்த ஐந்து ரூபாயை எடுக்க
வேட்டியோடு இறங்கியிருந்தார்.
இரண்டு வருஷத்தில் முதல் தடவையாம்.
மேலே வந்து
காசை வாயில் கவ்விக்கொண்டு
பம்பு அறைக் கண்ணாடியில்
நரைத்த தலையை இப்படியும் அப்படியும்
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.