ஐந்துக்கு ஐந்து

மாதாந்திர மின்தடை நாள்.
தறிக்குடோன் வாயடைத்துக் கிடந்தது.
ஏழு பேர் அரச்சலூர் மலையேறினோம்
புளிசாதத் தூக்கோடு. வேறு நோக்கமில்லை.

குகைப் பாறையில் கீறல்கள். பிராமியாம்.
பக்கத்துப் பலகையில் நம் எழுத்தில்:
த, தை, தா.
பொருளில்லாத ஒலி. ஐந்து வரி,
வரிக்கு ஐந்து.

சம்பூர்ணம்தான் முதலில் கண்டாள்:
"ஏனுங்க, பாவுல படிச்சாலும்
ஊடையில படிச்சாலும் ஒண்ணாத்தான வருது?"

வெட்டியவன் வண்ணக்கன்,
காசு நோட்டம் பார்ப்பவன்.
அவனுக்கும் பகலில் பிழைப்பு இருந்திருக்கிறது.

அடுத்த மின்தடைக்கு இருபது பேர்.
நூல் கணக்கு நோட்டின் பின்னட்டையில்
யாரோ பழைய அகரவரிசை எழுதிவைக்க
அந்த நோட்டு சாயப்பட்டறை வரை போய்
நீலக் கட்டைவிரல்களோடு திரும்பியது.
நாச்சிமுத்து கூலி ரசீதில்
பிராமியில் கையெழுத்துப் போட்டான்.
முதலாளி காசு தரவில்லை.

ஈரோட்டிலிருந்து பரதம் பயிலும் இருவர் வந்தார்கள்.
செருப்பைக் கழற்றி
சுடுபாறையில் அதை மிதித்துக் காட்டினார்கள்.
இசையா, கூத்தா?
மளிகைக்கடை வாசலில் சண்டை,
தேர்தல் சமயம் மாதிரி.
இன்னும் முடியவில்லை.

தறிக்கு இரண்டடிதான் தெரியும்.
ஐந்தை அதில் ஏற்றினால்
ஒன்று மிஞ்சுகிறது.

மீட்டருக்குத்தான் கூலி.
தெரிந்தே தறியை நிறுத்துகிறாள் சம்பூர்ணம்.
தொடையில் தட்டுகிறாள்
அந்த மிஞ்சிய ஒன்றை.

பக்கத்துத் தறியும் நிற்கிறது.