சேவைத் தடங்கல்

செங்காங்கில் பதினான்காவது மாடி.
குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள
அரசாங்கம் கட்டிக்கொடுத்த அறையில்
ஒரு ரயில் நிலையம் வைத்திருக்கிறேன்.

சுவரில் துளை போடக் கூடாது, சட்டம்.
ஆகவே என் நிலப்பரப்பு
எந்தச் சுவரையும் தொடாமல்
நாலு மரக்கால்களில் தனியாக நிற்கிறது.
அடியில் குணாளனின் அரிசி மூட்டை,
இரண்டு பயணப்பெட்டி, தீபாவளி விளக்குச் சரம்.
பலகைக்கு மேலே நான், கீழே அவர்.
எங்கள் எல்லை ஒப்பந்தம் அவ்வளவுதான்.

வேலையில் என் தண்டவாளங்களுக்கு நடுவே
ஆயிரத்து நானூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர்.
கடைசி ரயில் போய், மின்சாரம் நிறுத்தி,
டார்ச்சோடு இறங்குவோம்.
விரிசல் தேடி நடந்து
விடியுமுன் ஏறிவிட வேண்டும்.

வீட்டில் ஒன்பது மில்லிமீட்டர்.
இங்கே இறங்க முடியாது.
கண் மட்டும் நடக்கும்.

மலை, மீன்கடையில் வாங்கிவந்த வெள்ளைப் பெட்டி.
மூன்று முறை கழுவியும்
மழை நாளில் சிகரத்திலிருந்து லேசாக
வஞ்சிர வாடை வரும்.
காடு முழுக்க, காயவைத்த தேத்தூள்.
தந்திக் கம்பங்கள்
பக்கத்து வீட்டு ஹோக் செங்
தின்று முடித்த சாத்தே குச்சிகள்.
(இன்னும் ஆறு வேண்டும் என்றேன்.
மருத்துவர் திட்டுவார் என்றார். மறுநாள் பத்து கொண்டுவந்தார்.)

ஜல்லிக்குத்தான் உயிர் போனது.
நீர்த்த பசையில்
பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு,
இல்லையென்றால் முத்து முத்தாய் உருண்டோடிவிடும்.
மருந்துக்குழாயில் எடுத்து,
மூச்சைப் பிடித்து,
கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே.
ஒரு விடுப்பு நாளுக்கு ஒரு முழம் பாதை.

வடக்கு வளைவில்
மூன்றாம் பெட்டி மட்டும் தடம் புரளும்.
எப்போதும் அதே இடம்.
பதினோரு நாள் தேடினேன்.
பசையில் ஒட்டிய ஒரு முடி.
என்னுடையது. நரைத்தது.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை
முடிந்துவிட்டது என்றேன்.
குணாளன் சிவப்பு நூல் கட்டினார்,
ஹோக் செங் கத்தரித்தார்.
குமிழைத் திருப்பினேன்.
நிலையம் தாண்டி, பாலம் தாண்டி
சுரங்கத்துக்குள் போனது.

போனது போனதுதான்.

உள்ளே இயந்திரம் முனகும் சத்தம்.
மலையைத் தூக்கினேன்.
இரு தண்டவாளங்களுக்கும் நடுவே
அளவெடுத்து வைத்ததுபோல்
வெள்ளையாய் இரண்டு பல்லி முட்டைகள்.
என் கணக்கில்
ஒன்றரை மீட்டர் உயரப் பாறைகள்.
இயந்திரம் மூக்கை வைத்து
உடைக்காமல் நின்றிருந்தது.

எங்கிருந்தோ ஒரு ‘ச்சு ச்சு’.
“எந்தத் திசையிலே சொல்லுச்சு?”
குணாளன் நாட்காட்டியின் பின்பக்கம் புரட்டுகிறார்.
தென்கிழக்கு. பயணம் தாமதம்.
அதைச் சொல்லப் பல்லி வேண்டுமா?

வேலையில் இப்படி நின்றால் தெரியும் எனக்கு,
எத்தனை முகங்கள் கைபேசியிலிருந்து நிமிரும் என்று.
என் நடைமேடையில் பன்னிரண்டு பேர்.
ஒருவரும் மணி பார்க்கவில்லை.
பார்க்காதபடிதான் தீட்டியிருந்தேன்.

மலையை அதன் இடத்தில் வைத்தேன்.
அன்றிலிருந்து வண்டி
சுரங்க வாய்வரை போய்
பின்னோக்கித் திரும்புகிறது.

நாற்பத்தெட்டாம் நாள் பார்த்தபோது
ஓர் ஓடு பிளந்து கிடந்தது.
மற்றது முழுசாக.
இன்னும் ஒரு வாரம் கொடுத்தேன்.
பிறகு இன்னொன்று.

நேற்று இரவு வேலைக்குக் கிளம்புமுன்
பதின்மூன்றாவதாக ஒருத்தியைத் தீட்டினேன்.
ஆரஞ்சு மேல்சட்டை,
கையில் கடுகளவு டார்ச்.
சுரங்க வாயில் நிறுத்தினேன்,
பயணிகளுக்கு முதுகு காட்டி,
இருட்டைப் பார்த்து.

கதவைச் சாத்தும்போது குணாளன் கேட்டார்:
“அப்போ இன்னும் முடியலையா?”
அரிசி மூட்டைக்குப் பக்கத்தில்
என் காலணியைத் தேடிக்கொண்டிருந்தேன்.