ஏகாம்பரகுப்பத்துக்கு இரண்டு பெட்டி

அரக்கோணம் பாசஞ்சரில்
இரண்டு எஃகுப் பெட்டிகளோடு இறங்குகிறேன்.
ஒன்றில் தகடும் சறுக்குத் திருகும்.
மற்றதில்
தொடையெலும்பின் மஜ்ஜைக்குள் இறங்கும் ஆணி.
எது வேண்டுமென்று
மேசையில் படம் பார்த்த பிறகுதான்
டாக்டர் ஹேமாத்ரி சொல்வார்.
அதுவரை இரண்டும் என் தோளில்.

முனிரத்தினம், எழுபத்தொன்பது.
நகரியில் ஆறு விசைத்தறி.
பாவு அறுந்ததைப் பார்க்க எழுந்தவர்
எண்ணெய் சிந்திய தரையில் விழுந்தார்.
மூன்று நாள் புத்தூர்க் கட்டு.
நான்காம் நாள் இங்கே,
இடது கால் குட்டையாகி
பாதம் வெளியே திரும்பிக் கிடக்க.

"ஏதி மஞ்சிதி?" என்கிறாள் மகள் வசந்தம்மா.
"எது கெட்டி சார்?" என்கிறார் மருமகன்.

ஆணிக்கு விலை இரண்டு மடங்கு.
எனக்குக் கமிஷனும் கூட.
சின்னக் கீறல் போதும்,
எலும்பின் நடுவில் நின்று பாரம் தாங்கும் என்றேன்.
தகடு வெளியே ஒட்டிக்கொண்டு நிற்கும்,
அவர் நடக்க நடக்க
திருகு சறுக்கி முறிவை நெருக்கும்,
வெளிச்சுவர் மெலிந்திருந்தால் மட்டும்
கைவிட்டுவிடும் என்றேன்.
சுவர் சரியாக இருந்தால்
வருஷம் கழித்து நடப்பவர்களைப் பார்த்து
யாருக்குள் எது என்று
யாராலும் சொல்ல முடியாது
என்பதையும் சொன்னேன்.
கம்பெனிக் கூட்டத்தில்
சொல்லக் கூடாத வரி அது.

வசந்தம்மா கேட்டது வேறு:
"ராத்திரி பாத்ரூமுக்குத் தானா எழுந்து போவாரா?"
பெட்டிகளைப் பார்த்தேன்.
வருஷம் முடியுமுன் போய்விடுகிறவர்களை
அவளிடம் சொல்லவில்லை.

உள்ளே, முதுகில் போட்ட ஊசியில்
இடுப்புக்குக் கீழேதான் தூக்கம்.
டாக்டர் திரையில் விரல் வைத்து
வெளிச்சுவரை அளந்தார்.
"பிளேட் போதும்."
டிரில் ஓடியது.
துணிக்கு அந்தப் பக்கமிருந்து குரல்:
"நாலாம் தறியா அது?
நாடா தட்டுதே, நிறுத்துங்கப்பா."
நர்ஸ் சிரித்துவிட்டாள்.
நிறுத்தியதும்
"ம், இப்ப சரி" என்றார்.

மறுநாள் பெட்டி எடுக்கப் போனபோது
வாக்கரைப் பிடித்து நின்றிருந்தார்.
ஒன்பது அடி வைத்தார்.
பத்தாவதுக்கு நாற்காலி கேட்டார்.
வியர்வையைத் துடைத்துக்கொண்டு
என் தோளைப் பார்த்தார்:
"பிரிக்காத பெட்டி யாருக்கு?"

"இன்னும் விழாதவங்களுக்கு" என்றேன்,
வாய் தவறி.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு மருமகனைக் கூப்பிட்டு,
"நாலாம் தறிக்குக் கீழ
எண்ணெயைத் துடைச்சாச்சா?" என்றார்.

துடைக்கவில்லை.