மைதேய், வயது நாற்பத்தொன்று

சீட்டு எழுதிய பெடியன்
ஓரெழுத்துக் கூட்டிப்போட்டான்.
மைதே என்ற ஸ்பானியக்காரி
என் மேசைக்கு வந்து சேர்கையில்
மைதேய்.
திருத்தப் பேனை எடுத்தேன்.
அதற்குள் கதிரையில் இருந்து
தோளைக் காட்டிவிட்டாள்.

மான்கள் ஓட்டோவை மறித்துப் பிந்திவிட்டதென்று
மூன்றுதரம் மன்னிப்புக் கேட்டாள்.
திருகோணமலையில் அதைக் காரணமென்று
யாரும் எடுப்பதில்லை.

வலை இழுத்த தோள்,
துறைமுகத்தில் மா மூட்டை ஏற்றிய தோள்,
கை வைத்தால் எனக்குச் சொல்லிவிடும்.
இது வேறு பாஷை.
வலது முன்னங்கை
இடதைவிட இரண்டு சென்ரிமீற்றர் பருமன்.
நாடாவை மாற்றி மாற்றிப் பிடித்தேன்:
வேலைக்குப் போன ஒருத்தியும்
வீட்டில் இருந்த ஒருத்தியும்
ஒரே சட்டைக்குள்.

டெனிஸ், என்றாள். பதினாறு வருஷம்.
வென்றீர்களா?
உலகத்தில் எண்பத்தேழாவது,
ஒரு திங்கள் தொடங்கி
மறு திங்கள் விடியும் வரை.
அந்தக் கிழமை அவள் மட்டையைத் தொடவேயில்லை.
பல்வலி.
கன்னம் வீங்கித் தாய் வீட்டில் சூப் குடித்தாளாம்.

பெரிய போட்டியென்றால் முதற்சுற்றுடன் சரி.
தோற்பதற்கும் காசோலை உண்டு;
அதில்தான் தம்பி படித்தான்,
அதில்தான் அடுத்த விமானம்.
"கிழமைக்குக் கிழமை
ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோரும்
தோற்றுத்தானே பெட்டி அடுக்குகிறோம்?"
இரவல் ஆங்கிலத்தில் அவள் சொன்னதை
என் இரவல் ஆங்கிலம்
ஒருமுறை தடக்கி வாங்கிக்கொண்டது.

பதினைந்து, முப்பது,
பிறகேன் நாற்பது, என்று கேட்டேன்.
எண்ணியவனுக்குக் களைத்திருக்கும், என்றாள்.
சிரித்ததில் தோள் நோவெடுத்தது.
ஐஸ் வைத்தோம்.

ஒன்பதாம் நாள்.
கை எவ்வளவு உயருதென்று பார்ப்போம், என்றேன்.
எழுந்து, காலை ஒருக்களித்து வைத்து,
இல்லாத பந்தை
இரண்டுதரம் நிலத்தில் தட்டினாள்.
சொன்னது வலக்கை; அவளோ
அந்த வீட்டில் இருந்தவளை, இடக்கையை,
முதலில் உயர்த்தினாள்,
மெதுவாக,
நிரம்பிய கோப்பையொன்றைத்
தட்டில் வைப்பதுபோல் மேலே வைத்துவிட்டு
விரல்களைத் திறந்தாள்.

காறை எலும்பு முறிந்து வாங்கில் இருந்த
மட்டிக்களிச் சவிரியான்
அண்ணாந்தார்.
சீட்டு எழுதும் பெடியன் அண்ணாந்தான்.
நானும்தான்.

மேலே மின்விசிறி சுற்றியது.
நாங்கள் மூவரும்
அது கீழே வரும்வரை காத்திருந்தோம்.