பால்காவுக்கு இறங்கும் வழி

செவ்வாய்க்கிழமைதான் எங்களுக்கு ஞாயிறு.
மற்ற ஆறு நாளும் லா பாஸின் தலைக்கு மேல்
கம்பியில் தொங்கும் மஞ்சள் பெட்டிகளுக்கு
நானும் டெல்ஃபினும் கதவு சாத்துகிறோம்.
பன்னிரண்டு நொடிக்கு ஒரு பெட்டி.
"உள்ளே போங்க, உள்ளே போங்க" —
தூக்கத்திலும் சொல்கிறேன் என்கிறாள் தங்கை.

ஒவேஹுயோவில் மினிபஸ் எங்களை உதறிவிட்டுப் போனது.
பையில் நான்கு ரொட்டி, உப்புப் பாலாடை,
அவித்த கிழங்கு, ஒரு பிடி கோகா இலை.
டெல்ஃபின் குடை வேறு எடுத்து வந்திருந்தான்.
ஆகஸ்டில் எவன் குடை எடுப்பான்?
கடலே இல்லாத நாட்டில் பிள்ளைக்கு
ஓங்கில் என்று பெயர் வைத்த குடும்பம்.
வேறெப்படி இருப்பான்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை.
கோழித்தீவனக் கடை, பாதி கட்டிய வீடு, ஒரு நாய்.
பிறகு தரை சட்டென்று வாய் பிளந்தது.
செம்மண் ஊசி ஊசியாய் எழும்பி
உச்சியில் ஆளுக்கொரு கல்லைச் சுமந்தபடி
வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள்போல்.
பின்னால் இல்லிமானி,
வெள்ளையாய், யாரையும் கண்டுகொள்ளாமல்.

எங்கள் ஊரில் மேலே இருப்பவன் ஏழை.
கீழே போகப் போக வெதுவெதுப்பு, தோட்டம், காவலாளி.
"இன்னும் கொஞ்சம் இறங்கினால்
நாம கோடீஸ்வரங்க" என்றான் டெல்ஃபின்.
காது அடைத்தது.

ஆற்றை ஷூ கழற்றி ஏழு முறை கடந்தோம்.
எட்டாவது முறை கழற்றவில்லை.
இரு பக்கமும் சுவர் நெருங்கி
வானம் ஒரு பெல்ட் அகலம்.
நான் பேசாமல் நடந்தேன்.
வலது மணிக்கட்டு மட்டும் தன்பாட்டில்
காற்றில் எதையோ சாத்திக்கொண்டிருந்தது.

அப்போது ஒரு இரைச்சல்.
வெள்ளமோ என்று பாறையோடு ஒட்டினோம்.
வளைவில் லாரி, ஆற்றுக்கு நடுவிலேயே,
முகப்பில் கன்னிமேரி, முதுகில் குவித்த மணல்.
ஓட்டிவந்தவள் நிறுத்தினாள்.
கதவில் எவரிஸ்டா என்று எழுதியிருந்தது,
அவள் பெயரோ லாரியின் பெயரோ.
"எங்க போறீங்க?"
"சும்மா, பார்க்க."
"இதையா?" என்று அண்ணாந்து பார்த்தாள்,
பல வருடம் பக்கத்தில் படுத்த புருஷனை
யாரோ அழகன் என்று சொல்லிவிட்டதுபோல்.

மணல் எங்கே போகிறது என்று கேட்டேன்.
"மேல, வில்லா அடேலா பக்கம்."

என் வீடு வில்லா அடேலா.
போன வருடம் இரண்டாம் மாடி எழுப்பினோம்:
சிமெண்டு ஐம்பது மூட்டை, மணல் நான்கு லோடு.
எந்த ஆற்று மணல் என்று யார் கேட்டது?
விளக்கை அணைக்கும் முன்
கட்டிலோரச் சுவரில் மினுங்கும் ஒரு பொடி.
அதே மினுக்கம் இவள் குவியலில்.
நகரத்தை விட்டு வந்ததாய் நினைத்தோம்.
பள்ளத்தாக்கோ நாங்கள் வந்த வழியே
நகரத்துக்குக் குடிபோகிறது,
லோடுக்கு இவ்வளவு என்று.

டெல்ஃபின் ஒரு ரொட்டி நீட்டினான்.
வாங்கக் கதவைத் திறந்தவளுக்கு
மறுபடி சாத்த வரவில்லை.
"இது கழுதை, ஓங்கி இழுக்கணும்."
நான் தோளை வைத்தேன், கொஞ்சம் தூக்கி, ஒரே அழுத்து.
க்ளக்.
"என்ன வேலை பார்க்கிற?" என்றாள்.
சொன்னேன்.
நம்பாமல் சிரித்துக்கொண்டே கியர் போட்டாள்.

லாரி உறுமி அசைந்தபோது
குவியலின் மேல்மணல் காற்றில் கிளம்பியது.
டெல்ஃபின் குடையை விரித்தான்.
ஆகஸ்டில்.
ஒண்டிக்கொண்டு நின்றோம் இருவரும்
தலைக்கு மேல் சரசரவென்று
யாரோ ஒருவர் வீட்டுச் சுவர் விழுந்து முடியும்வரை.