பதினெட்டு பைசா

ஆறு மணிக்கு எண் தானாக மாறும்.
கோத்தகிரியில் எங்கள் பங்க்கில்
யாரும் அதைத் தொடுவதில்லை.
மூடுபனி மாதிரி,
வந்த பிறகுதான் வந்தது தெரியும்.
இன்று பதினெட்டு பைசா.

முதல் வண்டி போஜனின் ஆம்னி.
மூக்கை மேட்டுப் பக்கம் தூக்கித்தான் நிறுத்துவார்.
அப்படி நின்றால் முள்
கால் டேங்க் என்று பொய் சொல்லும்.
சமதரைக்கு வந்தால் சிவப்பு.
"பொய்யா இருந்தாலும் பார்க்க நல்லாருக்கு, யோகேசு."

மேட்டுப்பாளையத்தில் ஏன் கம்மி?
எல்லோரும் கேட்பது, என்னிடம்,
நான்தான் விலை வைத்தமாதிரி.
இருகூரில் நிரப்பிய லாரி
மலையேறி வரவேண்டும், அண்ணா.
ஒவ்வொரு வளைவிலும் அதுவும் குடிக்கும்.
நமக்குக் கொண்டுவருகிறவன்
நம் கணக்கில் குடித்துவிட்டு வருகிறான்.
அப்புறம் டெல்லிக்கு வரி, சென்னைக்கு வரி,
முதலாளிக்குக் கமிஷன்,
நான் பார்க்காத ஏதோ கடலில்
ஒரு கப்பல் தயங்கி நின்ற நாள்...
சொல்லி முடிப்பதற்குள் பின்னால் ஹாரன்.

உலகத்தில் எண்ணெய் விலை விழுந்ததென்று
டிவி சொன்ன வாரம்
எங்கள் போர்டு அசையவில்லை.
போஜன் இறங்கிப் போய்
அதை இரண்டு தட்டு தட்டினார்,
நின்றுபோன கடிகாரத்தைத் தட்டுவதுபோல.

டாக்ஸி மரியதாஸ் வேறு கணக்குக்காரர்.
விடியலில் போட்டால் பெட்ரோல் கெட்டி, லாபம் என்பார்.
மண்ணுக்கடியில் கிடக்கிற தொட்டிக்கு
உறைபனி தெரியாது.
தினமும் ஜாடியில் அடர்த்தி பார்த்து
நோட்டில் எழுதுகிறவள் நான்.
சொல்லவில்லை.
அந்தக் குளிரில் எழுந்து வந்ததற்கு
ஏதாவது கிடைத்ததாக இருக்கட்டும்.

போன மாதம் அவர்
குஞ்சப்பனை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டார்.
மிச்சம் முப்பது ரூபாய் இருக்கும்.
பிரேக் கருகிய வாசனை
பின்னால் வந்த பஸ்ஸுக்குள்ளும் அடித்ததாம்.
லைனிங் மாற்ற நாலாயிரத்து இருநூறு.
"உயிர் ஓசி" என்று சிரித்தார்.
கை நடுங்கியதில்
சில்லறை கீழே கொட்டியது.

தேயிலை ஃபேக்டரி வாசலிலும் ஒரு போர்டு உண்டு.
சாக்பீஸில் எழுதுவார்கள், மாதம் ஒருமுறை,
அதற்கு இறங்கவும் தெரியும்.
போஜனுக்கு அரை ஏக்கர் இலை.
லிட்டரை ரூபாயில் எண்ணமாட்டார்.
"அஞ்சு கிலோ இருந்துச்சு,
இப்ப ஆறு கிலோ ஆயிருச்சு" என்பார்.
ஆனாலும் எப்போதும் முந்நூறுக்குத்தான் போடுவார்.
"எனக்கு விலை ஏறவே இல்லை பாரு,
எப்பவும் முந்நூறுதான்."
நான் சிரிப்பேன்.
மீட்டரில் ரூபாய் ஓடும்,
லிட்டர் பின்தங்கி நொண்டும்.

அதே ஆம்னியில்தான்
ஹட்டிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.
வேன் கூலியை அவர் ஏற்றவில்லை.
கேட்கக் கூச்சம் அவருக்கு,
கொடுக்க வழியில்லை எங்களுக்கு.
முன்பு வாசல்வரை வரும் வண்டி
பிறகு மாரியம்மன் கோயிலோடு நின்றது,
பிறகு தண்ணீர்த் தொட்டியோடு.
இப்போது மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுகிறார்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு.
மேடு முழுக்க அவர்கள் நடக்கிறார்கள்.

என் மகள் கவிதாஞ்சலியும்.
ஷூ முனை தேய்ந்துவிட்டது.
நேற்று படி ஏறுவதுபோல் எண்ணிக்கொண்டே வந்தாளாம்,
முந்நூற்று நாற்பது அடி.

முந்நூறு ரூபாய் ஆனதும்
நாசிலை உதறி மாட்டினேன்.
போஜன் வண்டியைக் கிளப்பினார்,
மேட்டைவிட்டுச் சமதரைக்கு வந்தார்.
முள்ளைப் பார்க்காமல்
சாலையைப் பார்த்தபடி போனார்.